லாரிக்கு எப்.சி. உண்டு, டிரைவருக்கு லைசென்ஸ் உண்டு... மெக்கானிக்குக்கு என்ன உண்டு?

-நமது நிருபர்-

வேலம்பாளையம்,

காலை 9 மணிக்கு வேலம்பாளையம் ரோட்டில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். துணி ரோல்களை மலைபோல் ஏற்றிக்கொண்டு குட்டியானை வண்டி ஒன்று போகும். பின்னாலேயே டையிங்குக்குப் போகும் டெம்போ. நடுவில் புகுந்து புகுந்து போகும் மொபெட்டுகள். பனியன் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன். நிட்டிங் ஓர் இடம், சாயம் ஓர் இடம், காம்பேக்டிங் ஓர் இடம், கட்டிங் ஓர் இடம், பவர் டேபிள் இன்னோர் இடம். ஒரு பனியன் உருவாவதற்குள் துணி ஊரையே ஒரு சுற்று சுற்றி வந்து விடுகிறது!

இந்த ஓட்டத்தில் ஒரு வண்டி நின்றால் ஒரு கம்பெனி நிற்கும். வண்டி நிற்காமல் ஓட வைப்பவர் யார்? ரோட்டோரம் தகரக் கொட்டகையில், கையெல்லாம் கிரீசுடன், ஸ்பேனரைப் பிடித்துக் குனிந்திருக்கும் மெக்கானிக்.

அந்த வண்டிக்குக் காகிதம் உண்டு. டிரைவருக்குக் காகிதம் உண்டு. ஆனால், அந்த வண்டிக்கு பிரேக் போட்டுக் கொடுத்த மெக்கானிக்குக்கு?

இதுபற்றிய விவரம் வருமாறு:-

எல்லாவற்றுக்கும் தேதி!

முதலில் வண்டியை எடுத்துக்கொள்வோம். சரக்கு வண்டி, வேன், டாக்சி போன்ற போக்குவரத்து வாகனங்களுக்கு எப்.சி. என்ற தகுதிச் சான்று கட்டாயம். வண்டிக்கு 8 வயது ஆகும் வரை 2 ஆண்டுக்கு ஒருமுறை. அதன்பிறகு வருடா வருடம். சொந்த உபயோகக் கார், பைக் என்றால் பதிவு 15 ஆண்டு. பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

புகைச் சான்று வேறு இருக்கிறது. பழைய வண்டிகளுக்கு 6 மாதம். பி.எஸ்.4, பி.எஸ்.6 வண்டிகளுக்கு ஓராண்டு. இன்சூரன்சைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

டிரைவரும் தப்ப முடியாது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, 30 வயதுக்குள் லைசென்ஸ் எடுத்தவருக்கு அது 40 வயது வரை செல்லும். போக்குவரத்து வாகன லைசென்ஸ் என்றால் 5 ஆண்டுதான். காலாவதியாகி ஓராண்டு தாண்டிவிட்டால் மறுபடியும் ஓட்டிக் காட்டித்தான் வாங்க வேண்டும்.

வீட்டுக்கு ஒயரிங் செய்கிறாரே, அந்த ஒயர்மேனுக்குக்கூட மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் தகுதிச் சான்று உண்டு. அதையும் காலத்தோடு புதுப்பிக்க வேண்டும்.

ஆக, வண்டிக்குத் தேதி. டிரைவருக்குத் தேதி. ஒயர்மேனுக்குத் தேதி. மெக்கானிக்குக்கு மட்டும் எந்தத் தேதியும் இல்லை!

சட்டம் கேட்பதில்லை

உண்மை இதுதான். மற்றவர் வண்டியை ரிப்பேர் செய்யும் தனி மெக்கானிக் லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் விதி கிடையாது. இன்றைக்கு ஒருவர் ஒரு ஜாக்கி, ஒரு டூல் பெட்டி, நாலு பழைய டயருடன் கொட்டகை போட்டு உட்கார்ந்தால், "உனக்கு வேலை தெரியுமா, சான்றிதழைக் காட்டு" என்று எந்த ஆர்.டி.ஓ.வும் வந்து கேட்கப் போவதில்லை.

பட்டறைக்கு மாநகராட்சியின் தொழில் உரிமம் வேண்டும். அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். 15 வேலம்பாளையம் தனி நகராட்சியாக இருந்தது. 2011-ல் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்ந்த பிறகு அங்கேதான் உரிமம். ஆனால் அது இடத்துக்கும் தொழிலுக்கும் தரும் உரிமம். உள்ளே வேலை செய்கிறவரின் கைக்குத் தரும் சான்று அல்ல.

வேடிக்கை என்னவென்றால், வண்டியைப் பரிசோதிக்கும் மோட்டார் வாகன ஆய்வாளருக்கு மட்டும் தகுதி கறாராக வகுக்கப்பட்டிருக்கிறது. 1989-ல் மத்திய அரசு வெளியிட்ட அறிவிப்பு அவரிடம் 10-ம் வகுப்பு, ஆட்டோமொபைல் அல்லது மெக்கானிக்கல் டிப்ளமோ, பட்டறையில் ஓராண்டு வேலை அனுபவம், டிரைவிங் லைசென்ஸ் எல்லாம் கேட்டது.

பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்கிறவருக்குப் படிப்பு வேண்டும். அந்த பிரேக்கை மாட்டுகிறவருக்கு எதுவும் வேண்டாம்!

என்னென்ன சான்று உண்டு?

சட்டம் கேட்கவில்லை என்பதால் சான்றே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. வழிகள் இருக்கின்றன.

*ஐ.டி.ஐ.:* 10-ம் வகுப்பு தேறியவர்கள் "மெக்கானிக் மோட்டார் வெஹிக்கிள்" பிரிவில் 2 ஆண்டு படிக்கலாம். டீசல் மெக்கானிக், டூவீலர்-திரீவீலர் மெக்கானிக் பிரிவுகள் ஓராண்டு. முடித்தால் மத்திய அரசின் தேசிய தொழிற்சான்றிதழ் கிடைக்கும். திருப்பூர் மாவட்டத்தில் திருப்பூர், தாராபுரம், உடுமலையில் அரசு ஐ.டி.ஐ.கள் இருக்கின்றன. எந்தப் பிரிவு எங்கே, எத்தனை இடம் என்பதைச் சேர்க்கைக் காலத்தில் நேரில் கேட்டுக்கொள்ளலாம்.

*அப்ரண்டீஸ்:* 1961-ம் ஆண்டு அப்ரண்டீஸ் சட்டப்படி கம்பெனி, அரசு பஸ் டெப்போ போன்ற இடங்களில் உதவித்தொகையுடன் பயிற்சி. முடிவில் தேர்வு, தேசிய அளவில் செல்லும் சான்று.

*தனித்தேர்வர்:* பலருக்குத் தெரியாத வழி இதுதான். ஐ.டி.ஐ. வாசலையே மிதிக்காதவர்களும் அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனியாக எழுதலாம். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். தொழிலில் 3 ஆண்டு அனுபவம் வேண்டும். அந்தப் பிரிவுக்குரிய கல்வித் தகுதியும் வேண்டும். இதற்கான அறிவிப்பை மாநில வேலைவாய்ப்பு, பயிற்சித் துறை வெளியிடும்.

*அனுபவத்துக்கு அங்கீகாரம்:* 2015-ல் தொடங்கிய பிரதமரின் திறன் வளர்ச்சித் திட்டத்தில், ஏற்கனவே வேலை தெரிந்தவர்களைச் சோதித்துச் சான்று தரும் ஏற்பாடும் உண்டு. முதலிலிருந்து படிக்க வேண்டியதில்லை. செய்து காட்டினால் போதும்.

இவற்றில் ஐ.டி.ஐ. சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. 1985-ல் வாங்கினாலும் செல்லும். புதுப்பிக்க வேண்டாம். பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடலாம்.

நல்லதுதானே என்கிறீர்களா? அங்கேதான் சிக்கல்!

காகிதம் பழசாகாது, வேலை பழசாகும்!

2020 ஏப்ரல் 1-ந்தேதி முதல் நாட்டில் பி.எஸ்.6 வண்டிகள்தான் புதிதாகப் பதிவாகின்றன. அதோடு நம் ஊர் மொபெட்டிலிருந்தும் பைக்கிலிருந்தும் கார்புரேட்டர் கழன்று போனது. அந்த இடத்தில் பெட்ரோலைக் கணக்குப் பார்த்துப் பீய்ச்சும் பியூவல் இஞ்ஜெக்ஷன் வந்தது. சென்சார் வந்தது. எல்லாவற்றையும் ஆட்டி வைக்கும் கம்ப்யூட்டர் பெட்டி வந்தது.

முன்பெல்லாம் எப்படி? வண்டி இழுக்கவில்லை என்றால் பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்து, கார்புரேட்டரை பெட்ரோலில் கழுவி ஊதி, ஸ்குரூவை அரைத் திருகு திருகினால் வண்டி "டுப் டுப்" என்று பேசும். காதை வைத்தே கோளாறு சொல்லும் மெக்கானிக்குகள் இந்தப் பகுதியில் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

ஆனால் புதிய வண்டியில் மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்தால், காதை வைத்து என்ன செய்வது? ஸ்கேனரை மாட்டித்தான் பார்க்க வேண்டும். மின்சார ஸ்கூட்டர் என்றால் இன்னும் கஷ்டம். அதன் பேட்டரியில் தெரியாமல் கை வைத்தால் வண்டிக்கும் ஆபத்து, கைக்கும் ஆபத்து.

பட்டறை வாசலில் நின்றால் இப்படிப் பேச்சு காதில் விழும்:

"அண்ணா, வண்டி ஸ்டார்ட் ஆகி ஆகி நிக்குதுங்க."

"எந்த வருஷ வண்டிங்க தம்பி?"

"இருபத்தொண்ணுங்கண்ணா."

"அப்ப சோரூமுக்கே உட்டுருங்க. இது நம்ம கைக்கு ஒத்து வராதுங்க."

தெரியாததைத் தெரியாது என்று சொல்பவர் நல்லவர். ஆனால் அப்படிச் சொல்லும் ஒவ்வொரு முறையும் அவருக்கு ஒரு கூலி போகிறது. பழைய வண்டிகள் குறையக் குறைய, அவர் கடைக்கு வரும் வண்டியும் குறையும்.

ஆக, மெக்கானிக்கிடம் புதுப்பிக்க வேண்டியது காகிதத்தை அல்ல, கைவேலையை. அதற்கும் வழி இல்லாமல் இல்லை. தமிழக அரசு 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து ரூ.2,877 கோடி செலவில் புதுப்பித்தது. மின்சார வாகன மெக்கானிக் பிரிவு போன்ற புதிய பாடங்கள் அதில் வந்தன. பையனைப் பட்டறைக்கு அழைத்து வரும் அப்பாமார்கள், அதற்கு முன் ஐ.டி.ஐ. வாசலை ஒருமுறை எட்டிப் பார்க்கலாம்.

"ஜி.டி.நாயுடு சர்டிபிகேட் வெச்சிருந்தாரா?"

இந்தப் பேச்சை எடுத்தால் கொங்கு நாட்டில் உடனே வரும் பதில் இது. நியாயமான கேள்விதான்.

1893-ல் சூலூர் பக்கம் கலங்கலில் பிறந்த ஜி.டி.நாயுடு பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். வெள்ளைக்காரர் ஒருவரிடம் இருந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து, அதை வாங்கி அக்கக்காகக் கழற்றி மாட்டியவர். 1920-ல் ஒற்றை பஸ்சோடு தொடங்கிய அவரது தொழில், பிறகு யு.எம்.எஸ். என்ற பெயரில் பெரிய பஸ் கம்பெனி ஆனது. எந்தச் சான்றிதழும் அவருக்கு வண்டி சொல்லித் தரவில்லை.

ஆனால் கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். அதே ஜி.டி.நாயுடுதான் 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் உருவாகக் காரணமானவர். "இத்தனை ஆண்டு படிப்பு எதற்கு? குறைந்த காலத்தில் கைவேலையோடு சொல்லித் தர முடியும்" என்பதுதான் அவர் கட்சி. சொல்லித் தரவே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை!

கடல் கடந்தால் நிலைமை வேறு

வெளிநாட்டில் இந்தக் கூத்து நடக்காது. ஸ்கார்பரோ பக்கம் ஈழத் தமிழர்கள் ஏராளமாக வாழும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், கார் மெக்கானிக் வேலை "கட்டாயத் தொழில்" பட்டியலில் இருக்கிறது. ஆயிரக்கணக்கான மணி நேரம் பயிற்சி பெற்று, தேர்வில் தேறி, லைசென்ஸ் வாங்கினால்தான் முழு மெக்கானிக்காக வண்டியில் கை வைக்கலாம். அந்த லைசென்சையும் வருடா வருடம் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும்.

அமெரிக்காவில் 1972-ல் ஏ.எஸ்.இ. என்ற அமைப்பு மெக்கானிக்குகளுக்குத் தேர்வு நடத்தத் தொடங்கியது. அந்த நாடு முழுவதற்கும் அது சட்டக் கட்டாயம் அல்ல. 2 ஆண்டு வேலை அனுபவமும் தேர்வில் தேர்ச்சியும் இருந்தால் சான்று. 5 ஆண்டு கழித்து மறுபடி தேறிக் காட்ட வேண்டும். "வண்டி மாறிக்கொண்டே இருக்கிறது, நீ மாறினாயா?" என்பதுதான் அங்கே கேள்வி.

இதை அப்படியே இங்கே கொண்டு வந்து கட்டாயமாக்கினால்? பத்தாவது தாண்டாத, பிள்ளைப் பிராயத்திலேயே பட்டறைக்கு வந்துவிட்ட ஆயிரக்கணக்கானவர்களின் அடுப்பு அணைந்துவிடும். ஆகவே கட்டாயம் என்று கூச்சல் போடுவதில் அர்த்தம் இல்லை. ஆனால் கட்டாயம் இல்லை என்பதற்காக எல்லாக் காகிதத்தையும் தூக்கிப் போட்டால் நஷ்டம் யாருக்கு? மெக்கானிக்குக்குத்தான்!

மறந்துபோகும் ஒரு அட்டை

இனி வருவதுதான் முக்கியமான விஷயம்.

மெக்கானிக்கிடம் ஒரு அட்டை இருக்கலாம். இருக்க வேண்டும். அதற்குத் தேதியும் உண்டு. அதைப் புதுப்பிக்கத்தான் பலர் மறந்து போகிறார்கள். அது நல வாரிய அட்டை.

1982-ம் ஆண்டின் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர்கள் சட்டத்தின் கீழ் தொழில் வாரியாகப் பல நல வாரியங்கள் இயங்குகின்றன. அதில் ஒன்று, அமைப்புசாரா ஓட்டுநர்கள் மற்றும் தானியங்கி மோட்டார் வாகனங்கள் பழுதுபார்க்கும் தொழிலாளர்கள் நல வாரியம். பெயர் நீளம்தான். டிரைவரும் மெக்கானிக்கும் ஒரே வாரியம் என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

18 வயதிலிருந்து 60 வயதுக்குள் இருப்பவர்கள் சேரலாம். பதிவுக்குக் கட்டணம் இல்லை. பி.எப்., இ.எஸ்.ஐ. இல்லாத சொந்தப் பட்டறைக்காரர், கூலிக்கு வேலை பார்ப்பவர், டிங்கர், பெயிண்டர், ஆட்டோ எலக்ட்ரீசியன் எல்லோரும் இதைக் கேட்டுப் பார்க்க வேண்டும். ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், போட்டோ, இந்த வேலைதான் செய்கிறேன் என்பதற்கான சான்று ஆகியவை தேவை. ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். சந்தேகம் இருந்தால் மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்தில் கேட்கலாம்.

என்ன கிடைக்கும்? பிள்ளைகள் படிப்புக்கு உதவி. திருமண உதவி. மகப்பேறு உதவி. கண்ணாடி வாங்க உதவி. விபத்தில் உயிர் போனாலோ, கை கால் போனாலோ நிதி. இயற்கை மரணத்துக்கும் ஈமச்சடங்குக்கும் உதவி. 60 வயதுக்கு மேல் மாதாமாதம் ஓய்வூதியம்.

ஆனால் இந்தப் பதிவை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்!

நினைத்துப் பாருங்கள். லாரிக்கு அடியில் படுத்து வேலை செய்கிறார் ஒருவர். ஜாக்கி நழுவுகிறது. இந்தத் தொழிலில் எல்லோரும் பயப்படுகிற விபத்து அது. வீட்டில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். பீரோவில் வாரிய அட்டை இருக்கிறது. எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். தேதி போன வருஷமே முடிந்துவிட்டது என்றால்? கேட்க வேண்டிய நேரத்தில் உரிமையோடு கேட்க முடியாமல் போய்விடும்.

அடுத்தவர் வண்டிக்கு, "எப்.சி. முடியுதுங்க, பார்த்துக்குங்க" என்று நினைவு படுத்துகிறவரே தன் அட்டையின் தேதியைப் பார்ப்பதில்லை.

கடன் கேட்கப் போனால்...

ஸ்கேனர் வாங்க வேண்டும், ஏர் கம்ப்ரசர் வாங்க வேண்டும் என்றால் பணம் வேண்டும். கந்து வட்டிக்காரர் காகிதம் கேட்க மாட்டார். வட்டியை மட்டும் கேட்பார். வங்கி காகிதம் கேட்கும்.

உத்யம் என்ற பதிவு 2020 ஜூலை 1-ந்தேதி முதல் ஆன்லைனில் இலவசமாகக் கிடைக்கிறது. வருடா வருடம் புதுப்பிக்க வேண்டியதும் இல்லை. வண்டி ரிப்பேர் தொழிலுக்கும் 2021 ஜூலையில் இடம் கொடுத்துவிட்டார்கள். வங்கிக் கடனில் முன்னுரிமைப் பிரிவில் வர இது உதவும். முத்ரா திட்டத்தில் முதல் படியில் ரூ.50 ஆயிரம் வரையும், அடுத்த படியில் ரூ.5 லட்சம் வரையும் கடன் உண்டு. "இலவசப் பதிவுக்கு" யாராவது ஆயிரம், இரண்டாயிரம் கேட்டால் கொடுத்து ஏமாற வேண்டாம்.

வண்டிக்காரர்கள் கவனத்துக்கு

வேலைக்கு பைக்கில் போகிறவர்களே, கடைக்குச் சரக்கு எடுக்கும் வியாபாரிகளே! உங்களுக்கும் நாலு வார்த்தை.

வேலைக்கு விடும்போது என்ன கோளாறு, என்ன பார்ட்ஸ், எவ்வளவு கூலி என்று ஒரு துண்டுச் சீட்டிலாவது எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பார்ட்சைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பிரேக் வேலை என்றால் மெக்கானிக்கையும் பின்னால் உட்கார வைத்து ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்கள்.

பணம் வாங்கிக்கொண்டு செய்யும் ரிப்பேர், நுகர்வோர் சட்டப்படி ஒரு சேவை. அதில் குறை இருந்தால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். ரூ.5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. 1915 என்ற எண்ணில் நுகர்வோர் உதவி மையத்தையும் கூப்பிடலாம். ஆனால் எதற்கும் கையில் பில் இருக்க வேண்டும்.

இன்னொன்று. சைலன்சரை மாற்றி "டமார் டமார்" என்று சத்தம் வைத்துக்கொள்ளும் இளைஞர்கள் கவனிக்க. அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றினால், மாற்றம் ஒன்றுக்கு ரூ.5 ஆயிரம் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டுமே, வண்டி உரிமையாளருக்கு! "மெக்கானிக் போட்டுக் கொடுத்தார்" என்று கைகாட்டித் தப்ப முடியாது.

இன்று இரவே...

நாளைக்கே மெக்கானிக்குக்கு லைசென்ஸ் கட்டாயம் என்று சட்டம் வந்துவிடப் போவதில்லை. வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம்.

பட்டறைக்கார அண்ணன்மார்களே! இன்று இரவு கடையைச் சாத்திவிட்டு, கையைக் கழுவிவிட்டு, வீட்டில் பீரோவைத் திறந்து மூன்று காரியம் செய்யுங்கள்.

ஒன்று, வாரிய அட்டை இருக்கிறதா, அதன் தேதி என்றைக்கு முடிகிறது என்று பாருங்கள்.

இரண்டு, அதில் வாரிசாக யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். கல்யாணத்துக்கு முன் எடுத்த அட்டையாக இருந்தால் பெயரை மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

மூன்று, அந்தத் தேதியைப் பட்டறைச் சுவரில், வாடிக்கையாளரின் போன் நம்பரெல்லாம் சாக்பீசில் எழுதுகிறீர்களே, அந்த இடத்திலேயே பெரிதாக எழுதி வையுங்கள்.

அட்டையே இல்லாதவர்கள், நாளைக் காலை முதல் வண்டியைத் தொடுவதற்கு முன் அதற்கான வேலையைத் தொடங்குங்கள். அரை நாள் கூலி போகும். போனால் போகட்டும்!